பச்சைச் சுவரில் விழுந்த மஞ்சள்

சாமி,

நீ அனுப்பிய பட்டியலை உன் அம்மா தன் கைபேசியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். பந்தல்காரருக்குச் சொல்ல வேண்டியது, மாடித் தொட்டியைக் கழுவ வேண்டியது, ஒறம்பரைச் சனம் வந்து தங்கப் பக்கத்து வீட்டு மாடியைக் கேட்டு வைக்க வேண்டியது என்று மொத்தம் பதினோரு வேலை. ஒன்பதாவது, காம்பவுண்டு சுவரில் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திட்டைக் கொத்திவிட்டுப் பூச வேண்டும். பத்தாவது, மாமாவை நேரில் போய் அழைக்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதியிருந்தாய். தற்செயலாக எழுதினேன் என்று நீ சொன்னால் நான் நம்பப் போவதில்லை. இதைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் வைத்துவிடுவேன், பிறகு நீ அம்மாவிடம் பேசுவாய், அவள் என்னிடம் பேசாமல் இருப்பாள். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. இதை உன் வருங்கால மனைவியும் படிக்கலாம். அவர்கள் ஆத்தூர்ப் பக்கம், நம் வழக்கங்கள் சில அவளுக்குப் புதிதாக இருக்கும். அவளுக்கும் புரியும்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்பதாவது வேலை. சுவரிலும் சிமெண்ட் தரையிலும் படிந்த கறையை எடுப்பது எப்படி என்று கேட்டு மல்லசமுத்திரத்திலிருந்து வெண்ணந்தூர் வரைக்கும் என்னைத் தேடி ஆள் வருகிறார்கள். கொத்தனார்கள் வருகிறார்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் வருகிறார்கள், தறிக்கூடத்துத் தரையில் எண்ணெய் ஊறிப்போய்விட்டது என்று தறி வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவனுக்கு இது எதற்கு என்று நீயே ஒருமுறை கேட்டாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் அந்தத் திட்டில் இருக்கிறது. அந்தத் திட்டு இல்லையென்றால் நான் இதில் ஒன்றையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன். ஆர்வத்தில் கற்றவன் இல்லை நான். ஒரு மனிதனைக் காலத்துக்கும் தலைகுனிய வைக்க வேண்டும் என்பதற்காகக் கற்றேன். அந்த மனிதன் உன் மாமன், உன் அம்மாவின் அண்ணன்.

உனக்கும் சொந்தமாக ஒரு வீடு அமையும். அதற்கு வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறையைப் பார்த்ததும் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடாதே. முதலில் அது என்ன கறை என்று பார். எண்ணெய் என்றால் தண்ணீர் ஊற்றாதே, இன்னும் உள்ளே போகும். சுண்ணாம்புத் தூளையோ முகப்பவுடரையோ மண்ணெண்ணெயில் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஒரு நாள் விடு. தூள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பாசி என்றால் பிளீச்சிங் பவுடர். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடு, கழுவாதே. கழுவக் கழுவப் பூக்கும். நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் கட்டிய எந்தச் சுவரிலும் அது வரும், பயப்படத் தேவையில்லை. துரு என்றால் ஆக்சாலிக் ஆசிட், அதுவும் கரைத்துத்தான். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் ஒருநாளும் சேர்க்காதே, கிளம்பும் புகை நெஞ்சை அடைக்கும். உப்பு அமிலம், அதாவது டைல்ஸ் கழுவுகிற ஆசிட், எல்லாம் தோற்ற பிறகு கடைசியாகத் தொட வேண்டியது. சுவரை முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கையளவு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். பூசி ஒரு மாதம் ஆகாத சுவரில் தொடவே கூடாது. இந்தக் கடைசி விதியை எந்தப் புத்தகத்திலிருந்தும் நான் எடுக்கவில்லை.

பதினேழு வருடத்துக்கு முன்னால் நம் காம்பவுண்டு சுவரைப் பூசி மூன்று நாள் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட சுவரைக் கொத்தனார்கள் பச்சை என்பார்கள். உள்ளே ஈரம் இருக்கும், சிமெண்ட்டில் உள்ள சுண்ணாம்பு முழு வீரியத்தோடு இருக்கும். அன்றைக்கு மாரியம்மன் நோம்பித் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. அன்று முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அண்ணன் தம்பிக்குள் ஊற்ற மாட்டார்கள், மாமன் மச்சான் முறை உள்ளவர்கள் மட்டும்தான். ஊற்றுவது உரிமை, நின்று வாங்கிக்கொள்வது மரியாதை. இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பள்ளித் தாளாளரைப் பார்க்கப் புறப்பட்டிருந்தேன். தலைமையாசிரியர் பதவி காலியாக இருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் நின்றேன். உன் மாமன் தலையிலிருந்து கால்வரை மஞ்சளாக, இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தோடு, பின்னால் தெருவே திரண்டு வர, வந்து நின்றார்.

"மாப்ள, அப்படியே நில்லுங்க! அசையப்படாது!"

"வேண்டாங்க மச்சான். வெளிய கெளம்பிட்டேன். வந்து வாங்கிக்கறேன்."

"ஆத்தா தண்ணிய வந்து வாங்கிக்கறாராமா! நேரங்காலம் பாத்தா ஊத்துவாங்க? ரெண்டே சொட்டுங்க மாப்ள."

இரண்டு சொட்டு என்று சொல்லிக்கொண்டே முழுக் குடத்தையும் தூக்கினார். நான் கேட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். குடத்துத் தண்ணீர் முழுவதும் சுவரில் அடித்தது. அடித்த அடுத்த நொடி மஞ்சள் போய்ச் சுவர் சிவந்தது. இளஞ்சிவப்பு இல்லை, ஆடு அறுத்த இடம் மாதிரிச் சிவப்பு. எதிர்வீட்டுப் பாட்டி நெஞ்சில் கை வைத்து, "அய்யோ ஆத்தா, ரத்தமாட்டம் ஓடுதே!" என்று கத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற மருமகள், "ரத்தமெல்லாம் இல்லீங்கத்த, மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா ஆரத்தி ஆயிருமில்ல, அதாட்டந்தான்" என்றாள். பத்தாவது படிக்காத அந்தப் பெண் சொன்னதுதான் முழு வேதியியலும். அதோடு முடிந்திருக்கும். உன் மாமன் முடிய விடவில்லை.

"மாப்ள ஒதுங்கிட்டாரு, செவுரு நின்னு வாங்கிக்கிச்சு. இன்னைக்கிருந்து என்ற மாப்ள இந்தச் செவுருதானுங்க!"

தெரு சிரித்தது. நானும் சிரித்திருந்தால், அல்லது வெளியே வந்து அடுத்த குடத்துத் தண்ணீருக்குத் தலையைக் காட்டியிருந்தால், இன்றைக்கு உன் பட்டியலில் இரண்டு வேலை குறைந்திருக்கும். நான் வாத்தியாராக மாறினேன். மஞ்சள் ஒரு நிறங்காட்டி, காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மீண்டும் மஞ்சளாகும் என்று நோம்பிக் கூட்டத்துக்குப் பாடம் நடத்தினேன். "ஒரு நிமிசம் இருங்க, எடுத்தே காட்டறேன்" என்று உள்ளே ஓடி, டைல்ஸ் கழுவ வைத்திருந்த ஆசிட் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் ஊற்றினேன். சிவப்பு அப்படியே பொன் மஞ்சளானது. கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் நன்றாகவே அனுபவித்தேன், மறைப்பதற்கில்லை. பிறகு சுவர் சீறியது. நுரை பொங்கியது, புகை கிளம்பியது, முன்னால் நின்றவர்கள் இருமிக்கொண்டு பின்னால் போனார்கள். பூச்சின் மேல்தோல் தட்டுத் தட்டாகக் கழன்று மணலாகக் கொட்டியது. அமிலத்தைத் தின்று தீர்த்த சுவர், உள்ளே இருந்த ஈரத்தோடு சேர்ந்து எல்லோர் கண் முன்னாலும் மறுபடி சிவந்தது.

உன் மாமன்தான் முதலில் பேசினார்.

"ஏனுங்க வாத்தியாரே, பச்சக் கொழந்தைக்கு ஆசிட்ட ஊத்தித் தலைக்குத் தண்ணி வாக்கறீங்களே! இதையத்தான் பள்ளிக்கூடத்துல பசங்களுக்குச் சொல்லித் தாரீங்களா?"

அதுவரை என்னை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வாத்தியாரே என்றார். என் சட்டையைப் பற்றியோ சுவரைப் பற்றியோ கேலி செய்திருந்தால் பொறுத்திருப்பேன். என் படிப்பைத் தொட்டார். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் கம்பி மாட்டிப் போர் போட்டுச் சம்பாதித்த மனிதர், எம்.எஸ்ஸி. படித்தவனை நடுத்தெருவில் நிற்க வைத்துப் பாடம் கேட்டார். நான் கேட்டைக் காட்டி, "இனி இந்தக் கேட்டுக்குள்ள கால் வெக்காதீங்க" என்றேன். உன் அம்மா குறுக்கே வந்து, "என்னங்க பேசறீங்க? மஞ்சத்தண்ணி ஊத்த வந்தா நின்னு வாங்கோணும்ங்க, ஒதுங்குனது நீங்கதான்" என்றாள், அண்ணன் எதிரிலேயே. அவர் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனார். இன்றுவரை கால் வைக்கவில்லை.

ஆசிட் வாத்தியார் என்ற பெயர் அடுத்த திங்கட்கிழமையே பள்ளிக்கு வந்துவிட்டது. வராந்தாவில் நான் திரும்பும்போது "ஆசிட்டு வாராரு டோய்" என்று ஒரு குரல் கேட்கும், உள்ளே போனால் நாற்பது முகமும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தலைமையாசிரியர் பதவி என்னைவிட ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அந்தப் பெயரால்தான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தாளாளர் என்னைப் பார்த்து, "சார், நம்ம லேபுல ஆசிட்டெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆளின் பெயரும் நினைவில் இருக்கிறது. நான் யாரையும் மறப்பதில்லை.

உன்னையும் மறக்கவில்லை. அன்றைக்குச் சுவர் இரண்டாவது முறை சிவந்தபோது கூட்டத்தில் முதலில் சிரித்தது நீ. உனக்குப் பத்து வயது. மாமனின் இடுப்பில் சாய்ந்துகொண்டு, உடம்பெல்லாம் மஞ்சளாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தத் தீபாவளிக்கு நீ வாசல் சிமெண்ட்டில் பாம்பு மாத்திரை கொளுத்தி வரிசையாக ஆறு கரும் வட்டம் போட்டு வைத்தாய். நான் உன்னை அறைந்தேன், உதட்டில் ரத்தம் வந்தது. தரையைப் பாழ் பண்ணினதற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் இத்தனை வருடம் நினைத்திருப்பாய். இல்லை. அந்தச் சிரிப்புக்காக எட்டு மாதமாக உள்ளே வைத்திருந்த அறை அது. பாம்பு மாத்திரைக் கரியை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். நான் அதை மறுநாளே செய்தேன். செய்து முடித்துவிட்டு உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அந்த அறை தப்பு. உன்னிடம் மட்டும் இதைச் சொல்வேன்.

சுவரில் இருந்த மஞ்சள் என்ன ஆயிற்று என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. நம் ஊர் வெயிலில் மூன்று வாரத்தில் அது தானாகவே போய்விட்டது, ஒரு துளி நிறம் மிச்சமில்லை. உன் மாமன் ஊற்றியது மூன்று வாரம். நான் ஊற்றியதுதான் பதினேழு வருடமாக நிற்கிறது. மணல் தெரிய, சொரசொரப்பாக, ஆளுயரத்துக்கு இருக்கும் அந்தத் திட்டு முழுவதும் என் கைவேலை. அதைக் காட்டித்தான் வருவோர் போவோரிடமெல்லாம், "என்ற மச்சான் பண்ணுன வேலைங்க" என்று சொல்லி வந்திருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை. உன் அம்மா மட்டும் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இனி நான் செய்தது. நாலு வருடம் கழித்து உன் மாமன் திருச்செங்கோடு ரோட்டில் வீடு கட்டினார். முன்வாசல் முழுவதும் கான்கிரீட் போட்டார், ரிக் வண்டி வந்து நிற்கிற மாதிரி. போர் போடுகிற கம்பிகளை அதன்மேல் அடுக்கி வைத்திருந்ததில் மழைத் தண்ணீர் இறங்கித் துருக்கறை பிடித்தது. அந்த வருடம் அவர் மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். அவர் உன் அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மிணி, வாசல்ல துரு புடிச்சுக் கெடக்கு, ஒறம்பரை வந்தா பாக்க நல்லால்ல. மாப்ளகிட்டக் கேட்டுச் சொல்லு சாமி, அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார். உன் அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். ஆக்சாலிக் ஆசிட், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அரைமணி நேரம். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பிளீச்சிங் பவுடரைக் கொழைச்சுப் போட்டு ஒரு நாள் பூரா ஊற விடச் சொல்லு" என்றேன்.

பிளீச்சிங் பவுடர் துருவை எடுக்காது. துருவை இன்னும் பழுக்க வைத்துக் கான்கிரீட்டோடு சேர்த்துவிடும். இது தெரியாமல் சொன்னதில்லை. நிச்சயத்தன்று உன் அம்மாவோடு நானும் போனேன், வேறு எதற்கும் இல்லை, பார்ப்பதற்காகத்தான். கறை மாட்டுவண்டி அகலத்துக்குச் செம்பழுப்பாக, வெட்டிப் பதித்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுற்றி நடந்து போனார்கள். ஒரு பெரியவர், "இதென்னங்க, இங்க ஏதாச்சும் பலி கிலி குடுத்தீங்களா?" என்று கேட்டார். உன் மாமன் முகம் சிறுத்துப் போனது. நான் பந்தலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசியான மோரை நான் அதற்கு முன்னாலும் குடித்ததில்லை, பின்னாலும் குடித்ததில்லை. பதிமூன்று வருடமாக, மனசு சரியில்லாத நாளிலெல்லாம் அந்த மோரை நினைத்துக்கொள்வேன். இதற்காக நான் வெட்கப்படவில்லை, சாமி. அப்பா இப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது பத்தாவது வேலை. போன வெள்ளிக்கிழமை உன் அம்மாவும் நானும் போனோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் அவள்தான் எடுத்து வைத்தாள். நான் வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான் என் பங்கு. உன் மாமன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிக் வண்டி இல்லை, விற்றுவிட்டாராம். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. கறை அப்படியே இருந்தது. அதன்மேல்தான் நாங்கள் செருப்பைக் கழற்றினோம்.

"வாங்க மாப்ள. வா அம்மிணி. பையனுக்குக் கல்யாணமா, சந்தோசம், ரொம்ப சந்தோசம்" என்றார். உன் அம்மா தட்டை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"கோவிச்சுக்காத அம்மிணி, ஒண்ணு கேட்டுக்கறேன். மாப்ள, யாருங்க கூப்புடறது?"

"பையன் ரொம்ப ஆசைப்படறான்" என்றேன்.

"அவன் ஆசைப்படறது எனக்குத் தெரியாதுங்களா? வாரத்துக்கு ரெண்டு தடவ போன் பண்றான். காலேஜுக்குப் போன நாள்லேருந்து பண்றான். பொண்ணு போட்டோவ மொதல்ல எனக்குத்தான் அனுப்புனான். நாங் கேக்கறது அதில்லீங்க. அன்னைக்குக் கேட்ட விட்டு வெளிய போகச் சொன்னது நீங்க. உள்ள வரச் சொல்றதும் நீங்கதானுங்க சொல்லோணும். அம்மிணி சொன்னாலும் செல்லாது, பையன் சொன்னாலும் செல்லாது."

எனக்கு முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை. எனக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் "சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பதற்கு மேல் இல்லை. பெண்ணின் போட்டோவை நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்திருக்கிறார். இதையும் நான் மறக்கப் போவதில்லை, அதை நீ இப்போதே தெரிந்துகொள். அந்தக் கோபத்தில் நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கறையைப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார்.

"அதையப் பாக்கறீங்களா?" என்றார். "அன்னைக்குப் பிளீச்சிங் வாங்கப் போனனுங்களா, எதுக்குங்கன்னு கடக்காரன் கேட்டான். துருவுக்குன்னேன். அய்யோ, துருவுக்குப் போட்டா ஒட்டிக்குமுங்க, வேண்டாம்னான். நாந்தான் சொன்னேன், எங்க மாப்ள சொல்லியிருக்காரு, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, உனக்குத் தெரியுமா அவருக்குத் தெரியுமான்னு. குடுறான்னு வாங்கியாந்து போட்டனுங்க."

இதை அவர் குத்திக் காட்டும் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாக, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். அதில் ஏதாவது தந்திரம் இருக்கும் என்று நான் இந்த ஏழு நாளாகத் தேடுகிறேன். இருக்கலாம். அந்த மனிதரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும், லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆனால் தந்திரம் இல்லை என்றால், நடுத்தெருவில் என் படிப்பைக் கேலி செய்த அதே மனிதர், நாலு வருடம் கழித்து ஒரு கடைக்காரனிடம் அதே படிப்புக்காகச் சண்டை போட்டிருக்கிறார். நான் ஜெயித்ததாக நினைத்திருந்த ஒரே நாளில் நான் ஜெயிக்கவில்லை. அவர் என்னை நம்பியதால் மட்டுமே அந்தக் கறை அங்கே இருக்கிறது. இதைவிட மோசமான பழிவாங்கலை அவர் யோசித்துச் செய்திருக்க முடியாது. அந்த மோரும் இப்போது எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

அப்போதும் அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. "நான் கூப்புடறேன்" என்று சொன்னால் போதும். வரவில்லை. உன் அம்மா தட்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். அண்ணன் வீட்டிலிருந்து அவள் தட்டோடு திரும்பி வந்தது அதுதான் முதல் முறை. வண்டியில் பாதித் தூரம் வந்ததும், "அண்ணன் வராது. மேடையில தாய்மாமன் எடம் காலியாத்தான் இருக்கும். நீங்க ஜெயிச்சிட்டீங்க. சந்தோசந்தானுங்களே?" என்றாள். ஏழு நாளாகப் பத்திரிகை வைத்த அந்தத் தட்டு சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. அதில் இருந்த வாழைப்பழத்தை யாரும் எடுத்துச் சாப்பிடவும் இல்லை, கறுத்துப் போனதைத் தூக்கிப் போடவும் இல்லை.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உன் மனைவிக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். உங்கள் நிச்சயத்தன்று பார்த்தேன், வாய்த் துடுக்கு, எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன். ஒருநாள் அவன் உன்னையும் நாலு பேர் முன்னால் கேலி செய்வான். அவனை அடக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்ததையெல்லாம் காட்டப் போகாதே. சட்டை நனைந்தால் நனையட்டும் என்று நில். என்னால் முடியாததை உன்னைச் செய்யச் சொல்கிறேன் என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். அப்பாக்கள் வேறு எதைச் சொல்லப் போகிறார்கள்.

ஒன்பதாவது வேலையை நான் செய்யப் போவதில்லை. சுவர் அப்படியே இருக்கும். யார் கேட்டாலும் இனி அது நான் ஊற்றிய ஆசிட் என்று சொல்லிக்கொள்கிறேன், அது வரைக்கும் என்னால் முடியும். பத்தாவது வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மட்டும் போகிறேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அவரிடம் போன் பண்ணி அப்படிச் சொல்லியும் வைக்காதே. அவர் வாத்தியாரே என்று கூப்பிட்டது கூப்பிட்டதுதான், அது என்னோடு இருக்கும். தாய்மாமன் இல்லாமல் நீ மேடையில் நிற்பதை உன் அம்மா பார்க்கக் கூடாது, அதற்காகப் போகிறேன். போய் நின்றவுடன் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். காப்பி கொடுத்தாலும் குடிக்கப் போவதில்லை.

இன்றைக்குக் காலையில் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "மச்சான், கல்யாணத்துக்கு வாங்க. நான் கூப்புடறேன்." முதல் இரண்டு தடவை "மச்சான்" என்பதோடு நின்றுவிட்டது. மூன்றாவது தடவை வந்தது, மெதுவாக, எனக்கே கேட்காத மாதிரி. வெளியே துணி அலசிக்கொண்டிருந்த உன் அம்மாவின் கை நின்றது.

"உள்ள யாரோட பேசறீங்க?"

"யாரோடயும் இல்ல" என்றேன்.

பிறகு மறுபடி தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்:

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பழகுங்க. ரிக்குல நின்னு நின்னு அண்ணனுக்கு எடது காது இப்பக் கேக்கறதில்ல."